பத்துமலையின் காப்பு

"கட்டை விரலைக் கட்டணும்மா. துணியக் கொடு," என்று ஐயாவு மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

வீரம்மா பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து நாடா நாடாவாக மடியில் வைத்திருந்தாள். தம்பியின் கால் பெருவிரல் இரண்டையும் அவளே சேர்த்துக் கட்டிவிட்டாள். தாடையையும் கட்டியாயிற்று. கைக்கு வந்ததும் நின்றுபோனாள். இடது கை பத்துமலையின் கைதான். நகக்கண்ணில் மிஷின் எண்ணெய்கூட அப்படியே இருந்தது. வலது கை இருக்க வேண்டிய இடத்தில் ஆஸ்பத்திரியில் சுற்றிக் கொடுத்த வெள்ளைப் பொட்டலம். அதில் எந்தப் பக்கம் விரல் என்று யாருக்கும் தெரியாது. உள்ளே விரல் இருக்கிறதா என்று கேட்க யாருக்கும் துணிச்சலும் இல்லை.

"எதோட எதைச் சேத்துக் கட்டுறது?" என்றாள்.

"சாங்கியம் லா. சும்மா ஒரு சுத்து சுத்தி விடு." ஐயாவு சாவு வீடுகளில் முன்னால் நின்று காரியம் பார்க்கிறவர். செத்தவனைவிட சாங்கியம்தான் அவருக்கு நெருங்கிய சொந்தம்.

சும்மா ஒரு சுத்து. போன வெள்ளிக்கிழமை அவளும் இதே வார்த்தையைத்தான் சொன்னாள். ஆடித் திருவிழாவுக்குப் பூசாரியிடம் மஞ்சள் கயிறு வாங்கி வந்து, கொல்லையில் முகம் கழுவிக்கொண்டு நின்ற பத்துமலையை மறித்து, "கையை நீட்டுடா, சும்மா ஒரு சுத்துதான். மிஷின்ல வேலை செய்யிறவன், ஆத்தா காப்பாத்துவா," என்று வலது மணிக்கட்டில் கட்டி மூன்று முடிச்சுப் போட்டாள். திருவிழா முடிகிற வரைக்கும் காப்பை அவிழ்க்கக் கூடாது, சாமி குத்தமாகிவிடும் என்று மிரட்டியும் வைத்தாள். அவன் சிரித்துக்கொண்டே சரிக்கா என்றான்.

சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்த இருளாயி, அடுத்தவள் காதில் சொல்கிற மாதிரி நாலு வீட்டுக்குக் கேட்கச் சொன்னாள். "கட்டின கையே இதையும் கட்டட்டும்னு இருக்கு பாரேன்."

வீரம்மாவுக்கு அந்தத் துணியை அவள் வாயில் திணிக்கலாம் போல வந்தது. திணிக்கவில்லை. அவள் சொன்னதில் பொய் என்ன இருக்கிறது? இடது கட்டை விரலைப் பொட்டலத்தோடு சேர்த்து ஒரு சுற்று சுற்றினாள். முடிச்சுப் போட முடியாமல் நுனியை உள்ளே செருகிவிட்டு எழுந்தாள்.

நேற்றுப் பகல் கமுந்திங் நூல் மில்லில் அவள் நடு ஷிப்டில் நின்றபோதுதான் தகவல் வந்தது. யூனிபாரத்தோடு பஸ் ஏறி ஈப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் நின்ற ஆள் ஒருவன், "கையில சாமிக் கயிறு கட்டியிருந்தாராம். லேத் மிஷின் அதைப் புடிச்சு இழுத்துடுச்சாம்," என்றான். அந்த நிமிஷத்திலிருந்து பத்துமலையின் பெண்டாட்டி நல்லம்மாள் இவள் முகத்தைப் பார்க்கவில்லை. இதோ, தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறாள். ஒப்பாரியும் இல்லை, ஒரு வார்த்தையும் இல்லை. இரண்டு அறை அறைந்திருந்தால்கூட வீரம்மாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

இதில் அவளை அறுக்கிற விஷயம் வேறு ஒன்று. மில் வாசலில் தினம் காலையில் வளையல், சங்கிலி, தோடு எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, கொண்டையைத் துணித் தொப்பிக்குள் தள்ளிக்கொண்டுதான் வீரம்மா உள்ளே போவாள். எட்டு வருஷப் பழக்கம். ஒருத்தியின் தாவணியை மிஷின் இழுத்ததைக் கண்ணால் பார்த்தவள். அவள்தான் போய், லேத்தில் நிற்கிற தம்பிக்குக் கயிறு கட்டி, கழற்றாதே என்று சொல்லிவிட்டு வந்தவள். புத்தி எங்கே போச்சு? செருப்பால் அடிக்க வேண்டும். தன்னைத்தான்.

பதினொரு மணி சுமாருக்கு வெள்ளைக் காடி ஒன்று வந்து ஈயம் தோண்டிவிட்ட குட்டை ஓரமாக நின்றது. பஞ்சலிங்கம் இறங்கினார். பத்துமலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த யுனிவர்சிட்டியின் ஒபிஸில் அவர்தான் பெரிய கெராணி, தலைமைக் குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், நரைத்த மீசை, சட்டைப் பையில் இரண்டு பேனா. டிரைவர் மலர் வளையத்தைத் தூக்கி வந்தான். பூ கொஞ்சம், பெயர் எழுதின பட்டை பெரிசு. பஞ்சலிங்கத்தின் கையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத நீல உடுப்பு ஒன்று இருந்தது.

"ஒர்க்‌ஷாப் உடுப்பு. புதுசு. மரியாதைக்கு மேல போட்டுவிடச் சொல்லி டீன் சொன்னவர்," என்றார்.

வீரம்மாவின் சின்னத் தம்பி சீனி, கோயில் பரிவட்டம் வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கினான். உறையைப் பிய்த்து, உடுப்பை விரித்து, அண்ணனின் நெஞ்சிலிருந்து கால்வரை போர்த்தினான். வேலை இல்லாமல் மூன்று மாதமாக அண்ணன் வீட்டில் சாப்பிடுகிறவன். நேற்றுச் சாயங்காலமே அவன் ஒபிஸ் பக்கம் போய்வந்தது வீரம்மாவுக்குத் தெரியும். ஏன் போனான் என்றுதான் தெரியாமல் இருந்தது.

"மூத்த அக்கா நீங்கள்தானோ?" பஞ்சலிங்கம் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். கோப்பியைத் தொடவில்லை. "அருமையான மனுசன். படிக்கிற பெடியள் எல்லாருக்கும் பாதுகாப்புச் சொல்லிக் குடுத்தவர். கடைசியில அவருக்கே இப்பிடி. என்ன செய்யிறது, விதி." கொஞ்ச நேரம் தலையை ஆட்டிவிட்டு ஃபைலைத் திறந்தார். "ஒரு சின்ன அலுவல் இருக்கு."

மலாயில் தட்டச்சு செய்த ஒற்றைத் தாள். அவரே விரலை ஓட்டி அர்த்தம் சொன்னார். வேலை நேரத்தில், விதிக்கு மாறாக, இறந்தவர் மணிக்கட்டில் மதக் கயிறு அணிந்திருந்தார். அது இயந்திரத்தில் சிக்கியதால் விபத்து நேர்ந்தது. கயிறு கட்டப்பட்டதைக் குடும்பத்தார் உறுதி செய்கிறார்கள்.

"கட்டின ஆள் நீங்கள். ஒரு கையெழுத்து வச்சீங்கள் எண்டால் திங்கட்கிழமை விசாரணை லேசா முடிஞ்சிடும்."

"பொணம் இன்னும் நடு வீட்டுல கெடக்குங்க."

"அதுதான் சுறுக்கா முடிப்பம் எண்டு வந்தனான்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். சீனி அவள் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான். வாயில் நேற்றைய பீர் நாற்றம். "போட்டுடுக்கா. அண்ணன் எடத்தை எனக்கே தாரேன்னு சார் சொல்லியிருக்காரு. விசாரணை இழுத்துக்கிட்டுப் போச்சுன்னா அதுவும் சுசா லா, கஷ்டமாப் போயிடும். நீதானே கட்டுன? பொய்யா சொல்லச் சொல்றாங்க?"

ஓ, இதற்குத்தான் நேற்று ஓடினாயா? அண்ணன் உடம்பில் சூடு ஆறவில்லை, அதற்குள் அவன் நின்ற இடத்துக்கு விண்ணப்பம். எரிகிற வீட்டில் பிடுங்கின வரைக்கும் லாபம் என்பார்கள். கூடப் பிறந்தவனே பிடுங்குவதை அவள் இன்றுதான் பார்க்கிறாள். காறித் துப்பலாம் போல இருந்தது. ஆனால் யார்மேல் துப்புவது? இவன் பிணத்தை வைத்து வேலை தேடுகிறான். அவளோ பத்துமலையைப் பிணமாகவே ஆக்கிவிட்டாள். இரண்டில் எது பெரிய பாவம்?

"போடுறேன்," என்றாள். "நான்தானே கட்டினேன். கையெல்லாம் சந்தனம். கழுவிட்டு வாரேன்."

அடுப்படியைத் தாண்டிப் பின்கதவுக்குப் போனாள். குழாயடியில் ராஜு நின்றுகொண்டிருந்தான். பத்துமலையோடு அதே ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறவன். முன் வாசல் வழியாக வராமல் வாழைமரத்துப் பக்கமாகச் சுற்றி வந்திருக்கிறான்.

"அக்கா, இதைக் கொடுக்கத்தான் வந்தேன்," என்று டிபன் கேரியரை நீட்டினான். "அண்ணனோடது. நேத்து யாரும் எடுக்கல."

நேற்றுக் காலையில் நல்லம்மாள் கட்டிக் கொடுத்த சோறு. மத்தியானத்துக்கு முன்னாலேயே எல்லாம் நடந்துவிட்டதால் திறக்கவே இல்லை. ஒரு ராத்திரியும் ஒரு காலையும் புழுங்கி, மூடி இடுக்கு வழியாகப் புளித்த தண்ணீர் வடிந்திருந்தது. குப்பென்று அடித்த நாற்றத்துக்கு வீரம்மா முகத்தைத் திருப்பினாள். திரும்பின கண் கைப்பிடியில் போய் நின்றது.

கைப்பிடியில் மஞ்சள் கயிறு. சுருக்கு முடிச்சாக, இழுத்தால் வருகிற மாதிரி.

"இது என்னடா?"

"காப்புக்கா. தினம் உள்ள போறதுக்கு முன்னாடி கழட்டி இதுலதான் கட்டுவாரு. பசங்க மோதிரம், கடிகாரம் எல்லாம் கதவு பக்கத்துல பால் டின்னுல போடணும், போட்டாத்தான் மிஷின்கிட்டயே விடுவாரு. காப்பு சாமி சமாச்சாரம், டின்னுல போட வேணாம்னு சோத்துப் பாத்திரத்துல கட்டுறேன்னு சொல்வாரு. சாயங்காலம் மறுபடி கையில போட்டுக்கிட்டுத்தான் வீட்டுக்கு வருவாரு. அக்காவுக்குத் தெரிஞ்சா கொன்னு போட்டுடும்னு சிரிப்பாரு."

வீரம்மா குழாயடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். நான் இல்லை. நான் இல்லைடா சாமி. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. உள்ளே தம்பி பொட்டலமாகக் கிடக்கிறான், வெளியே அக்காவுக்குச் சந்தோஷம். சீ, என்ன ஜென்மம் இது என்று தன்னைத்தானே வைதுகொண்டு நிமிர்ந்தாள்.

"அப்ப எது இழுத்துச்சு?"

ராஜு பின்கதவைப் பார்த்துக்கொண்டான். "புது உடுப்புக்கா. எல்லாருக்கும் ஒரே அளவு கொடுத்தாங்க. அண்ணன் எப்பவும் உடுப்புக் கையை முழங்கைக்கு மேல வெட்டித்தான் போடுவாரு. நேத்து ஒபிஸ்லேருந்து போட்டோ புடிக்க ஆளு கூட்டிட்டு வந்தாங்க. கையைச் சுருட்டாத, பட்டன் போடு, நீட்டா இருக்கணும்னு சொல்லிட்டாங்க. மிஷின் மூடி போட்டிருந்தா உள்ள சுத்துறது படத்துல தெரியலன்னு அதையும் கழட்டச் சொன்னாங்க. அண்ணன் வேணாம்னாரு. ரெண்டு தடவை சொன்னாரு. ஒரு நிமிசம்தானே, ஓட விடுன்னாங்க."

"எதுக்குடா போட்டோ?"

அவன் வாய் கோணியது. அழுகையா சிரிப்பா தெரியவில்லை. "பாதுகாப்புப் பொஸ்தகத்துக்கு. ஒர்க்‌ஷாப்புல எப்படி பத்திரமா வேலை செய்யிறதுன்னு புதுப் பசங்களுக்குக் கொடுப்பாங்க."

வீரம்மா கேரியரைக் கையில் வாங்கினாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இத நீ வந்து உள்ள சொல்லுடா."

"ஐயோ, என்னை விட்டுடுங்கக்கா. எம் பேரை எடுத்துடாதீங்க. மூணு புள்ளைங்க." அவன் சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தான். வாழைமரம் அசைந்தது. ஆள் இல்லை. வந்த மட்டும் தைரியம், போதும் போ.

டிபன் கேரியரை அப்படியே தூக்கிக்கொண்டு வீரம்மா கூடத்துக்கு வந்தாள். நாற்றம் ஊதுபத்தியை அமுக்கிவிட்டு முன்னால் போனது. பெண்கள் மூக்கைப் பொத்தினார்கள். பஞ்சலிங்கத்தின் தாளுக்குப் பக்கத்தில் கேரியரை டக்கென்று வைத்தாள்.

"இதான் நான் கட்டின காப்பு. பாத்துக்குங்க. நேத்து அவன் கையில இல்ல. இதுல இருந்துச்சு."

பஞ்சலிங்கம் கயிற்றைப் பார்த்தார். "இதை ஆர் கொண்டு வந்தது?"

"கொண்டு வந்தது யாரா இருந்தா என்ன? கயிறு பேசுதுல்ல?"

இருளாயிதான் முதலில் எட்டிப் பார்த்தாள். "ஐயையோ! காப்பைக் கழட்டிட்டானா? திருவிழா முடியுமுன்னயா? அதான்... அதான் ஆத்தா கேட்டுட்டா!" நாலைந்து தலைகள் ஆமாம் ஆமாம் என்று ஆடின.

கட்டியிருந்தாலும் அவன் குற்றம், கழற்றியிருந்தாலும் அவன் குற்றம். செத்தவன் எழுந்து வந்து சொல்லவா போகிறான்! "வாய மூடு இருளாயி," என்றாள் வீரம்மா. "ஆத்தா உடுப்புக் கொடுத்தாளா? ஆத்தா மூடியக் கழட்டச் சொன்னாளா?" பத்துமலைமேல் கிடந்த நீல உடுப்பின் கையைப் பிடித்துத் தூக்கி, அவன் இடது கையோடு வைத்துக் காட்டினாள். துணி அவன் விரல் நுனியையும் தாண்டி ஒரு சாண் தொங்கியது. "இதுதான் இழுத்துச்சு. இதையே கொண்டாந்து அவன் மேல போத்தியிருக்கீங்க. மரியாதையாம் மரியாதை!"

பஞ்சலிங்கம் தொங்குகிற அந்தத் துணியைப் பார்த்தார். பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். குரலைத் தணித்து, அவளுக்கு மட்டும் கேட்கச் சொன்னார். "எனக்கு இன்னும் எட்டு மாசம்தான் சேவிஸ் இருக்கு, தங்கச்சி. மேல இருக்கிறவை சொன்னதை நான் தட்டச்சு செய்விச்சனான். அவ்வளவுதான்."

அந்தக் குரலில் வெட்கம் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. தெரியாமல் செய்கிறவனையாவது மன்னிக்கலாம்.

சீனி கேரியர் பக்கம் வந்தான். குனிந்து, கைப்பிடியிலிருந்த சுருக்கை ஒரே இழுப்பில் அவிழ்த்தான். கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"அண்ணன் காப்போடதான் போகணும்," என்றான் சத்தமாக. "என்ன இருந்தாலும் சாமிக்குக் கட்டினது."

மண்டியிட்டு, பிணத்தின் இடது மணிக்கட்டில் கயிற்றைச் சுற்றினான். ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு. ஐயாவு, "நல்ல காரியம், நல்ல காரியம்," என்றார். பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். வீரம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. மூன்றாவது முடிச்சு விழுந்தபோது விளங்கியது. இனி யார் வந்து கேட்டாலும் பத்துமலை காப்புக் கட்டியிருந்தான். இத்தனை பேர் கண்ணால் பார்த்தார்கள். எரித்துவிட்டால் கயிறும் இல்லை, கேள்வியும் இல்லை.

அப்போதுதான் நல்லம்மாள் வாயைத் திறந்தாள். நேற்றிலிருந்து அதுதான் முதல் பேச்சு.

"ஆம்பளைக்கு வலது கையிலதான் கட்டுவாங்க," என்றாள்.

சீனியின் விரல்கள் நின்றன. ஐயாவு தொண்டையைச் செருமிவிட்டுச் சங்கை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். வலது பக்கத்தில் வெள்ளைப் பொட்டலம் இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு வேறு எங்கோ பார்த்தார்கள்.

"அவுத்துடுங்க மதினி," என்றாள் நல்லம்மாள், வீரம்மாவின் முகத்தைப் பார்த்து.

வீரம்மா குனிந்தாள். மூன்று முடிச்சையும் நகத்தால் ஒவ்வொன்றாக நெம்பி அவிழ்த்தாள். அவசரப்படவில்லை. கயிற்றைத் தன் சேலை முந்தியில் முடிந்துகொண்டாள்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றாள் பஞ்சலிங்கத்திடம்.

"குடும்பத்தில ஆர் வச்சாலும் சரிதான்," என்றார் அவர், தரையைப் பார்த்து.

சீனி எழுந்தான். அக்காவையும் பார்க்கவில்லை, அண்ணியையும் பார்க்கவில்லை. "கொடுங்க சார்," என்றான். ஃபைலின்மேல் தாளை வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினான். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "எப்ப வந்து சேரணும் சார்?" என்று கேட்டான்.

"பதினாறாம் நாள் காரியம் முடிய வாரும்."

இரண்டு மணிக்குத் தூக்கினார்கள். வாய்க்கரிசி போட்டு, பெண்கள் மூன்று சுற்று வந்து, தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பினார்கள். லோரியின் பின்னால் கொள்ளிச்சட்டியோடு சீனி உட்கார்ந்திருந்தான். பாடை ஏறும்போது வீரம்மா நீல உடுப்பை மட்டும் உருவி எடுத்துக்கொண்டாள். "அதோட போகட்டுமேம்மா," என்று ஐயாவு சொன்னபோது அதை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்ததும் வீட்டைக் கழுவிவிட வேண்டும். நல்லம்மாள் குழாயடியில் தண்ணீர் பிடித்தாள். வீரம்மா முதலில் டிபன் கேரியரைக் கவிழ்த்து, புளித்த சோற்றைக் கொல்லையில் கொட்டி, மண் போட்டுத் தேய்த்தாள். மூன்று தடவை தேய்த்தும் நாற்றம் போகவில்லை. நான்காவது தடவையும் தேய்த்தாள். ஒரு வாளியை இவள் தூக்கினால் மறுவாளியை அவள் தூக்கினாள்.

சீனி மொட்டைத் தலையோடு திரும்பி வந்தபோது சூரியன் ஈயக் குட்டைக்கு மேலே இருந்தது. வாசலில் கால் கழுவிக்கொண்டு நிமிர்ந்தவன் அப்படியே நின்றான்.

துணிக்கொடியில் நீல உடுப்பு தொங்கியது. இரண்டு கையும் முழங்கைக்கு மேலே வெட்டப்பட்டிருந்தன. நூல் பிரியாமல் இருக்க ஓரத்தை மடித்துத் தைத்தும் இருந்தது. பக்கத்து ஆணியில் டிபன் கேரியர் ஈரத்தோடு மாட்டியிருந்தது. அதன் கைப்பிடியில் மஞ்சள் கயிறு, இழுத்தால் வருகிற சுருக்காக.

"அக்கா," என்றான் சீனி.

வீரம்மா திரும்பவில்லை. கூடத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, பத்துமலை கிடந்த இடத்தை உடுப்பிலிருந்து வெட்டிய இரண்டு கைத்துணிகளாலும் துடைத்துக்கொண்டிருந்தாள். துணி புதுசு. தண்ணீரை இழுக்கவே இல்லை.